உப்பளத்துக்குக் கட்சி உண்டா?

மும்பையின் பாண்டுப்பிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, காஞ்சூர்மார்க்கிலிருந்து முலுண்டு வரைக்கும் உப்பளங்கள். அந்தப் பக்கம் மெட்ரோ கார் ஷெட் வரும் என்றபோது ஒரு கட்சி கட்டலாம் என்றது, இன்னொரு கட்சி கூடாது என்றது. தாராவி மக்களுக்கு வீடு என்றதும் இருவரும் இடம் மாறி நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் படித்தவர்கள்தான், இன்ஜினியர்கள்கூட இருக்கிறார்கள். பருவநிலை மாற்றம் என்று இரண்டு பேருமே பேசுகிறார்கள். இதில் அறிவியல் எந்தப் பக்கம்?"

கட்சி பார்த்துப் பருவநிலை அறிவியலை நம்புவது அமெரிக்கர்களின் வழக்கம், நமக்கு அது கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்கும் உண்டு. அங்கே வெப்பமானி சொல்வதைப் பற்றியே சண்டை. இங்கே சண்டை நிலத்தைப் பற்றி. இரண்டுக்கும் அடியில் ஓடுவது மனத்தின் ஒரே பழக்கம்.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்திவிடுவோம். 2019 அக்டோபர் 4 அன்று ஆரே காலனி மரங்களைக் காக்கக் கோரிய மனுக்களை பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மெட்ரோ 3 தடத்தின் கார் ஷெட்டுக்காக அன்று இரவே மரம் வெட்டத் தொடங்கினார்கள். 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் இரண்டாயிரத்துக்கும் அதிகமான மரங்கள் விழுந்துவிட்டன. நவம்பர் இறுதியில் முதல்வரான உத்தவ் தாக்கரே வேலையை நிறுத்தினார். 2020 அக்டோபரில் கார் ஷெட் காஞ்சூர்மார்க்குக்கு மாறும் என்று அறிவித்தார். பாஜக எதிர்த்தது. செலவு ஏறும், சதுப்பு நிலம் கெட்டிப்பட நாளாகும் என்றது. இடமே தன் உப்புத் துறைக்குச் சொந்தம் என்று மத்திய அரசு வழக்காடியது. டிசம்பர் 16 அன்று உயர் நீதிமன்றம் அங்கே வேலையை நிறுத்திவைத்தது. 2022 ஜூன் 30 அன்று பாஜக இடம்பெற்ற ஷிண்டே, பட்னாவிஸ் கூட்டணி அரசு வந்ததும் கார் ஷெட் ஆரேவுக்கே திரும்பியது. 2024 செப்டம்பர் இறுதியில் அதே கூட்டணியின் அமைச்சரவை, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு உப்பளங்களில் 255.9 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்பில் வீடு கட்ட ஒதுக்க ஒப்புதல் தந்தது. இந்த முறை வெள்ளத்தையும் சுற்றுச்சூழலையும் காட்டி எதிர்த்தவர்கள் உத்தவ் தரப்பு சிவசேனையும் காங்கிரஸும்.

இதில் யாரும் இல்லாததைச் சொல்லவில்லை. மெட்ரோ ஓடினால் சாலையில் வண்டி குறையும், புகை குறையும் என்றது ஒரு தரப்பு. அது சரி. ஆரேவின் பசுமை மழைநீரை உறிஞ்சி மித்தி நதியின் சுமையைக் குறைக்கிறது என்றது மறு தரப்பு. அதுவும் சரி. இரண்டு தரப்பின் கையிலும் உண்மைகள் இருந்தன. எதை எப்போது வெளியே எடுப்பது, எதை எப்போது மடித்து வைப்பது என்பதைத்தான் கட்சி தீர்மானித்தது.

உப்பள விஷயத்திலும் அப்படித்தான். அங்கே உப்பு விளைந்து ஆண்டுகள் பல ஆகின்றன, கிழக்கு விரைவு நெடுஞ்சாலை குறுக்கே வந்தபின் கடல் நீர் அந்த நிலத்துக்குள் வருவதே இல்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். வெள்ளநீரைத் தாங்கும் தாழ்நிலம் அது, அதை மூடினால் ஊர் மூழ்கும் என்பது எதிர்த் தரப்பின் வாதம். கூர்ந்து பார்த்தால் இருவரும் வெவ்வேறு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள். முதலாமவர் பேசுவது கிழக்கே கழிமுகத்திலிருந்து ஏறும் அலை நீர். இரண்டாமவர் பேசுவது மேற்கே மலைச்சரிவிலிருந்து இறங்கும் மழைநீர். நெடுஞ்சாலை முன்னதைத் தடுக்கிறது என்றாலும் பின்னது நின்றுவிடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மி.மீ. மழை பெய்தது. பாண்டுப் மலைக்கு மறுபுறம் இருக்கும் விஹார் ஏரியில் 1,000 மி.மீ.-க்கும் மேல். மலையின் பாண்டுப் பக்கச் சரிவில் இறங்கும் மழைநீர் தாணே கழிமுகத்தில்தான் கலந்தாக வேண்டும். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது கால்வாயின் வாய் அடைபட்டதுபோல் ஆகிவிடுகிறது. நீர் வடியாது, அலை இறங்கும்வரை எங்காவது காத்திருக்க வேண்டும். 4.5 மீட்டருக்கு மேல் அலை எழும் நாட்களை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னரே பட்டியலிடுவது இதற்காகத்தான்.

ஆகவே "உப்பளம் வெள்ளத்தைத் தடுக்குமா?" என்ற கேள்விக்கு அளந்து பார்த்துச் சொல்லக்கூடிய பதில் உண்டு. ஆட்சி மாறினால் அது மாறாது. படித்தவர்களுக்குக்கூட அது ஏன் கண்ணில் படுவதில்லை என்பதுதான் ருசிகரமான பகுதி.

2013இல் யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் அவருடைய கூட்டாளிகளும் 1,111 அமெரிக்கர்களிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். தோல் தடிப்புக்கு ஒரு புதிய களிம்பு. அதைப் பூசியவர்களில் 223 பேருக்குக் குணமானது, 75 பேருக்கு மோசமானது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குணமானது, 21 பேருக்கு மோசமானது. களிம்பு நல்லதா, கெட்டதா?

பார்த்தவுடன் "223 பேருக்குக் குணம், நல்ல களிம்பு" என்று சொல்லத் தோன்றும். விகிதம் போட்டால் கதை மாறும். பூசிய 298 பேரில் சுமார் 75 விழுக்காட்டினருக்குக் குணம். பூசாத 128 பேரில் சுமார் 84 விழுக்காட்டினருக்குக் குணம். பூசாமல் இருப்பதே மேல். கேட்கப்பட்டவர்களில் 59 விழுக்காட்டினர் தவறாகச் சொன்னார்கள். கணக்கில் தேர்ந்தவர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், சரியாகச் சொல்லும் வாய்ப்பு கூடியிருந்தது. இதுவரை வியப்பு இல்லை.

பிறகு எண்களில் ஒன்றைக்கூட மாற்றாமல் தலைப்பை மட்டும் மாற்றினார்கள். களிம்புக்குப் பதில் துப்பாக்கி: பொது இடத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தடை விதித்த நகரங்களில் குற்றம் குறைந்ததா, கூடியதா? அமெரிக்காவில் கட்சியைப் பிளக்கும் கேள்வி இது. இப்போது அதே கணக்குப் புலிகள் தங்கள் கட்சிக்குச் சாதகமான விடை வரும்போது சரியாகப் போட்டார்கள். பாதகமான விடை வரும்போது கணக்குத் தெரியாதவர்கள் விழும் அதே குழியில் விழுந்தார்கள். படிப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை.

இதைப் புரிந்துகொள்ள மார்க்கெட்டுக்குப் போய்வந்தால் போதும். காய்க்காரர் ஒரு கிலோ வெண்டைக்காயை நிறுக்கிறார். தட்டு நம் பக்கம் தாழ்ந்தால் நாம் பையை நீட்டிவிடுகிறோம். தட்டு அவர் பக்கம் சாய்ந்தால்தான் கண் விழிக்கிறது. தட்டைத் தூக்கி அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறோம், படிக்கல்லைத் திருப்பி முத்திரையைத் தேடுகிறோம், இன்னொரு தரம் நிறுக்கச் சொல்கிறோம். நம்மிடம் சோதிக்கும் திறமை இருக்கிறது. அது ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்கிறது. தராசு நுட்பம் அதிகம் தெரிந்தவர் இன்னும் பத்துக் குறை கண்டுபிடிப்பார், ஆனால் அவையும் அவருக்கு நஷ்டம் வரும் பக்கத்தில்தான். இருபது வருடமாக வாங்கும் கடை என்றால் தராசைப் பார்ப்பதே இல்லை, கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். அரசியல் தலைவர் அந்தப் பழைய கடைக்காரர். எதிர்க்கட்சித் தலைவர் நேற்று வந்த தள்ளுவண்டிக்காரர். அவர் எலெக்ட்ரானிக் தராசே கொண்டுவந்தாலும் அதன் பேட்டரிமேல் சந்தேகப்படுவோம்.

முகம் பார்த்துப் பணம் கொடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003இல் காட்டினார். ஏழைகளுக்கான அரசு உதவித் திட்டங்கள் இரண்டு: ஒன்று தாராளமானது, ஒன்று கறாரானது. தாராளவாதக் கொள்கை உடையவர்களிடம் "கறாரான திட்டத்தை உங்கள் கட்சி ஆதரிக்கிறது" என்றதும் அதையே ஆதரித்தார்கள். பழமைவாதக் கொள்கை உடையவர்கள் தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்றதும் தாராளமான திட்டத்துக்குக் கைதூக்கினார்கள். திட்டத்தின் சாரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம், கட்சி எங்களைப் பாதிக்கவில்லை என்று இரு சாராரும் நேர்மையாகவே நம்பினார்கள். காஞ்சூர்மார்க்கில் 2020க்கும் 2024க்கும் இடையே தொண்டர்கள் இடம் மாறி நின்றதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இந்த ஆய்வுகளை வைத்துக்கொண்டு "மனித மூளை உண்மையை ஏற்காது" என்று புத்தகம் விற்கிறார்கள். அவ்வளவு தூரம் ஆதாரம் போகவில்லை. கட்சிச் சாய்வு பின்வந்த ஆய்வுகளிலும் தென்பட்டது. கணக்கு தெரியத் தெரியச் சாய்வு கூடும் என்ற பகுதி சிலவற்றில் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பொய்யை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள் என்று 2010இல் பரபரப்பாகப் பேசப்பட்ட முடிவும் நிலைக்கவில்லை. தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 52 விஷயங்களில் சோதித்தபோது ஏறத்தாழ எங்கும் அது தென்படவில்லை. திருத்தம் சொன்னால் மக்கள் ஓரளவு திருந்துகிறார்கள். இன்னொன்றும் உண்டு: கடல் மட்டத்தை நானோ நீங்களோ அளக்க முடியாது. யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும், நம்புவது மடமை ஆகாது. எந்தப் பொருளுக்கு எந்தக் கடை என்பதில்தான் பிசகு நேர்கிறது.

பருவநிலை அறிவியல் கட்சி விவகாரமான வரலாறு சுருக்கமானது. 1988 ஜூனில் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் அமெரிக்க செனட் குழுவின் முன் புவி சூடாவதைச் சொன்னபோது அது எந்தக் கட்சிக்கும் எதிரானதாக இல்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் மூத்த ஜார்ஜ் புஷ் அதை எதிர்கொள்வேன் என்று வாக்குறுதி அளித்தார். பழமைவாதியான பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1989இல் ஐ.நா.விலேயே எச்சரித்தார். அதே குடியரசுக் கட்சியிலிருந்து வந்த டிரம்ப் 2017இல் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார், 2025இல் மறுபடியும் அறிவித்தார். இடையில் வெப்பமானி காட்டிய அளவு ஏறிக்கொண்டேதான் இருந்தது. மாறியவை தலைவர்களின் சொற்கள்.

நம் நாட்டில் வெப்பநிலை குறித்து அந்த அளவு பிளவு இல்லை. யேல் பல்கலைக்கழகமும் சி-வோட்டரும் 2021-22இல் எடுத்த கணக்கில், சிறு விளக்கம் தந்தபின் 84 விழுக்காடு இந்தியர்கள் புவி சூடாகிறது என்றார்கள். அதே கணக்கில் 54 விழுக்காட்டினர் அதைப் பற்றிக் கொஞ்சமே தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றும் சொன்னார்கள். பிளவு இல்லாததற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெற்றிடத்தை முதலில் நிரப்புவது தலைவரின் சொல். 2014 ஆசிரியர் நாளில் மாணவர்களிடம் பேசிய பிரதமர் மோடி, பருவநிலை மாறவில்லை, மாறியது நாம்தான் என்ற பொருளில் சொன்னார். அடுத்த ஆண்டு பாரிஸில் பன்னாட்டு சூரிய ஆற்றல் கூட்டணியைத் தொடங்கிவைத்தவரும் 2021இல் கிளாஸ்கோவில் 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று அறிவித்தவரும் அவரே. ஒரு தலைவரின் சொல்லே இப்படி இடம் மாறும் என்றால், நம் அறிவை அந்தச் சொல்லில் கட்டிப்போடக் கூடாது.

எனவே பாண்டுப் வாசகருக்கு என் பதில்: அறிவியல் எந்தக் கட்சியின் பக்கமும் இல்லை. கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீர் எங்கே தேங்கும் என்பது அளவுகோலின் கேள்வி. அங்கே யாரைக் குடிவைப்பது, காட்டை இழப்பதா உப்பளத்தை இழப்பதா என்பது அரசியலின் கேள்வி. இரண்டாவதில் தலைவர்களை நம்பலாம், எதிர்க்கலாம், வாக்கால் தண்டிக்கலாம். முதலாவதில் அவர்கள் சொல்லுக்குத் தனி எடை இல்லை. ஓர் அறிக்கையைப் படிக்கும்போது கட்சிப் பெயர்களை மாற்றிப் போட்டுப் படியுங்கள். அப்போதும் அதே முடிவு வந்தால் அது உங்கள் முடிவு.

அலட்சியமாக விட்டுவிட முடியாத விஷயம் இது. 2021 ஜூலை 18 அன்று பெருமழையில் பாண்டுப் குடிநீர்ச் சுத்திகரிப்பு வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. மும்பையின் பெரும்பகுதிக்குக் குடிநீர் நின்றது. அதே இரவில் செம்பூர் பாரத் நகரில் மதில் சரிந்து மக்கள் இறந்தார்கள். நாளை உப்பள நிலத்தில் வீடு எழும்பினால் அங்கே குடிவரப்போகிறவர்கள் தாராவியிலிருந்து வரும் நம்மவர்கள். தரைத்தளத்தில் நீர் ஏறினால் அது எந்தக் கட்சிக்காரர் வீடு என்று பார்த்து ஏறாது.

கேட்க வேண்டியவை நான்கு. கட்டுமுன் நிலமட்டம் எவ்வளவு, கட்டியபின் எவ்வளவு? அலை 4.5 மீட்டரைத் தாண்டி நிற்கும் நேரத்தில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் அந்த நீர் எங்கே நிற்கும்? இப்போது அங்கே தேங்கும் நீர் பாண்டுப்பின் எந்தத் தெருவுக்குப் போகும்? இதைக் கணக்கிட்டவர் யார், எந்த ஆண்டின் மழையை வைத்துக் கணக்கிட்டார்? ஆளுங்கட்சிக்காரரிடமும் எதிர்க்கட்சிக்காரரிடமும் இதே நான்கைக் கேளுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.