தனித்தொதுங்கலும் அணிசேராமையும்

ஒரு நாடு பிற நாடுகளுடன் படை உடன்படிக்கை முதலிய பிணைப்புகளைத் தவிர்த்து, உலக விவகாரங்களினின்று விலகி நிற்பதையே அயலுறவு நெறியாகக் கொள்வது தனித்தொதுங்கற் கொள்கை எனப்படும். அணிசேராமையோ வல்லரசுகளின் படைக் கூட்டணிகளில் சேராதிருந்து, எல்லா நாடுகளுடனும் உறவாடுவதாகும். இவ்விரண்டும் ஒன்றெனக் கருதும் மயக்கம் வகுப்பறைகளில் நேரக்கூடும். ஆதலின் இவற்றின் வேறுபாட்டை இங்கு விளக்க முற்படுகிறோம்.

தனித்தொதுங்கலில் அளவு வேறுபாடு உண்டு. அமெரிக்கா 1935 முதல் 1939 வரை நடுநிலைமைச் சட்டங்களை இயற்றிப் பிறர் போர்களினின்று விலகி நிற்க முயன்றது. எனினும் வெளிநாட்டு வணிகத்தை அது கைவிடவில்லை. பர்மாவோ வணிகம், பயணம், பண்பாட்டுத் தொடர்பு ஆகியவற்றையும் சுருக்கிக்கொண்டது.

1955இல் பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் பர்மாவும் ஒன்று. 1962 மார்ச்சு 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் நிலை மாறிற்று. அயல்நாட்டு அறநிறுவனங்கள் வெளியேற்றப்பட்டன. வெளிநாட்டார் வருகை கட்டுப்படுத்தப்பட்டது. 1979இல் அணிசேரா இயக்கத்தினின்றும் பர்மா விலகியது. 1987இல் ஐக்கிய நாடுகள் அவை அதனை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது.

உள்நாட்டில் இப்போக்கின் மறுபக்கத்தைத் தமிழர் உணர்ந்தனர். 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. தமிழர் உள்ளிட்ட இந்தியர் பெருந்தொகையினராய், ஈட்டிய பொருளை இழந்து கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜார் அவ்வரலாற்றை இன்றும் பெயரில் தாங்கி நிற்கிறது.

மலேசியா வேறு வழியில் சென்றது. 1967இல் ஆசியான் அமைப்பை நிறுவிய நாடுகளுள் ஒன்றாயிற்று. 1970இல் அணிசேரா இயக்கத்தில் இணைந்தது. 1974இல் சீனாவுடன் தூதரக உறவு கொண்டது. ஈயத்தையும் இரப்பரையும் உலகச் சந்தையில் விற்று வளர்ந்த நாட்டிற்குக் கதவடைப்பு இயல்வதன்று.

இதனை விளக்க ஈப்போவின் புந்தோங்கே போதும். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத் தொழிலும் பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களும் இம்மாநிலத்திற்குத் தமிழரைக் கொணர்ந்தன. புந்தோங்கிற்குப் பெயர் தேடித் தந்த கச்சாங் பூத்தேயில் இடம்பெறும் கொண்டைக்கடலையும் கடல்கடந்தே வருகிறது. கடல்வழியால் உருவான சமூகத்திற்கு, அயலுறவுக் கொள்கை தொலைவிலுள்ள அரசவைச் செய்தியன்று. தன் வாழ்வோடு பிணைந்ததாகும். பர்மாத் தமிழர் வரலாறு உணர்த்துவதும் இதுவே.