குதிரையிலிருந்து கவச வண்டிக்கு: ஓர் ஐரிஷ் குதிரைப்படையின் வரலாறு

1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதியை வன்னி மக்கள் மறப்பதற்கில்லை. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயரை வெளியேற்றிய பண்டார வன்னியனைக் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்த நாள் அது. அச்செய்தியைப் பொறித்த கல்லொன்று அவ்விடத்தில் நெடுங்காலம் நின்றது.

அதற்கு அடுத்த நாள், நவம்பர் முதலாந் திகதி, பாரதத்தின் வட பகுதியில் அல்வாருக்கு அண்மையிலுள்ள லாஸ்வாரி என்னும் சிற்றூரில் மற்றொரு பெரும் போர் மூண்டது. மராட்டியத் தலைவர் சிந்தியாவின் படைகளை லேக் பிரபுவின் ஆங்கிலப் படை எதிர்த்தது. விடியற்காலையில் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த குதிரைப்படைகளுள் ஒன்று ‘எட்டாவது அரச ஐரிஷ் இலகு குதிரைப்படை’. அதன் தலைவர் வண்டெலூர் அப்போரிலே வீழ்ந்தார். வன்னிக் காட்டிலும் வடநாட்டுச் சமவெளியிலும் ஒரே அரசின் ஆட்சி விரிந்துகொண்டிருந்த காலம் அது. அந்த விரிவுக்குத் தோள் கொடுத்த இந்த ஐரிஷ் படையின் கதை நாமும் அறிந்துகொள்ளத் தக்கது.

அயர்லாந்து அந்நாளில் தானே ஆங்கில முடியின் கீழ் அடங்கிக் கிடந்த நாடு. 1693ஆம் ஆண்டில் ஹென்றி கொனிங்ஹாம் என்பவர் அங்கே இப்படையைத் திரட்டினார். தொடக்கத்தில் அயர்லாந்துப் புரட்டஸ்தாந்தரே இதிற் சேர்க்கப்பட்டனர். 1710இல் ஸ்பெயின் நாட்டில் அல்மெனாராப் போரிலே எதிரிக் குதிரைவீரரின் தோட்பட்டைகளைக் கைப்பற்றித் தாமே அணிந்துகொண்டனர். அந்தக் குறுக்குப் பட்டை பின்னர் இப்படையின் தனிப் பெருமையாயிற்று. ஆனால் வெற்றி வாகை சூடியதனால் ஆயுள் நிலைத்துவிடவில்லை. போர் ஓய்ந்ததும், 1714இல், செலவைக் குறைக்கவேண்டி அரசு இப்படையைக் கலைத்தது. அடுத்த ஆண்டிலேயே தேவை நேர்ந்தபோது மீண்டும் கூட்டியது. போர் வந்தால் அணைப்பதும் போர் போனால் கைவிடுவதும் அரசுகளின் பழைய வழக்கமன்றோ!

1777இல் ‘அரச ஐரிஷ்’ என்னும் பட்டம் இதற்குக் கிடைத்தது. 1802இல் பாரதத்திற்கு வந்து சேர்ந்தது. இங்கேதான் தமிழ் மக்கள் நன்கறிந்த ஒரு மனிதரின் வாழ்வோடு இப்படையின் கதை பிணைகிறது. அவர் பெயர் ரொலோ கில்லெஸ்பி. அயர்லாந்தின் டவுண் மாவட்டத்தில் கோம்பர் என்னும் ஊரிற் பிறந்தவர். 1806 யூலை 10ஆந் திகதி வேலூர்க் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து 19ஆவது இலகு குதிரைப்படையுடன் விரைந்து சென்று கிளர்ச்சியை அடக்கியவர் அவரே. கயிற்றைப் பற்றி மதிலேறிக் கோட்டைக்குள் நுழைந்த அவரது துணிவை ஆங்கில நூல்கள் வியந்து பேசும். கதவு தகர்க்கப்பட்டபின் உள்ளே கொன்று குவிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான சிப்பாய்களின் குடும்பங்கள் அதனை எவ்வாறு பேசியிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எட்டு ஆண்டுகளின் பின், நேபாளப் போரிலே, டேராடூனுக்கு அண்மையிலுள்ள நாலாபாணிக் குன்றின் கோட்டையைத் தாக்கச் சென்றார் கில்லெஸ்பி. கோட்டையினுள் பலபத்திர குன்வர் என்னும் கூர்க்காத் தலைவர் ஏறக்குறைய 600 பேருடன் இருந்தார். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் உண்டு. குதிரைகளை விட்டிறங்கிக் கால்நடையாகச் சென்ற எட்டாவது படைவீரர் ஏறத்தாழ நூற்றுவரைத் தாமே முன்னின்று நடத்திய கில்லெஸ்பி, குண்டு பாய்ந்து மாண்டார். அந்நாள் 1814 ஒக்டோபர் 31. பின்னர் ஆங்கிலேயர் கோட்டைக்குச் செல்லும் தண்ணீரைத் தடுத்தனர். நவம்பர் இறுதியில், எஞ்சிய எழுபது பேரளவினருடன் பலபத்திரர் முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேறினார். அவ்விடத்தில் ஆங்கிலேயர் இரண்டு தூண்களை எழுப்பினர்: ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு மாண்டோருக்கும், மற்றொன்று எதிரியான பலபத்திரருக்கும் அவருடைய வீரருக்கும். தன்னை எதிர்த்து நின்றவனையும் மதித்துக் கல் நாட்டுவது வரலாற்றில் அரிதான காட்சி.

1822இல் இப்படை ‘ஹுஸார்’ என்னும் புதிய பெயரையும் பகட்டான புதிய சீருடையையும் பெற்றது. 1854இல் கிரிமியாவில் பலக்லாவாப் பள்ளத்தாக்கிலே, பிழைபட விளங்கிய ஒரு கட்டளைக்காக ருஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து அழிந்த இலகு குதிரை அணியில் எட்டாவது ஹுஸாரும் இருந்தது. அப்புண் ஆறுமுன்னரே, 1857இன் பெருங்கிளர்ச்சியை அடக்குவதற்காக மீண்டும் பாரதத்திற்கு அனுப்பப்பட்டது.

1858 யூன் 17. குவாலியருக்கு அண்மையிலுள்ள கோட்டா-கி-சராய். கப்டன் ஹெனேஜின் தலைமையில் எட்டாவது ஹுஸாரின் ஓர் அணி கிளர்ச்சியாளரின் பாசறைக்குள் ஊடுருவிப் பாய்ந்தது. அந்தப் போரிலேதான் ஜான்சி ராணி இலட்சுமிபாய் உயிர்நீத்தார். குதிரைவீரரின் உடையிலே போரிட்ட அவரை வெட்டியவர்கள் தாம் எதிர்ப்பட்டது யார் என்பதை அறிந்திலர். அன்றைய பாய்ச்சலுக்காக இப்படையினர் நால்வருக்கு விக்டோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. ஹெனேஜ், வார்ட், ஹொலிஸ், பியர்சன் என்னும் அந்நால்வரின் பெயரை இன்று யார் நினைவிற் கொண்டுள்ளார்? வீழ்ந்த ராணியின் பெயரோ பாரதத்தின் சிற்றூர்ச் சிறுவருக்கும் தெரியும். பதக்கம் ஒரு பக்கத்திற்கும் புகழ் மற்றொரு பக்கத்திற்கும் போய்ச் சேர்ந்தன.

அடிமைப்பட்ட நாட்டினர் பிறநாட்டை அடிமைப்படுத்தத் துணை நின்றது ஏன் என்று கேட்கத் தோன்றும். அதிகாரிகள் பலர் நிலவுடைமைக் குடும்பத்தினர்; அவர்களுக்கு முடியின் பணியே குலப்பெருமை. சாதாரண வீரர் பலருக்கோ படை என்பது வேளாவேளை உணவும் மாதச் சம்பளமும் ஆகும். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்திலே ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் மடிந்த நாடு அயர்லாந்து. வயிற்றின் பொருட்டு வாளேந்தியவனை வெறுப்பது எளிது. அவனைப் புரிந்துகொள்வது சற்றுக் கடினம்.

1914இல் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது இப்படை அம்பாலாவில் இருந்தது. இந்தியக் குதிரைப்படைகளோடு கப்பலேறிப் பிரான்சை அடைந்தது. ஆயின் அங்கே குதிரைக்கு வேலையில்லை. முட்கம்பிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் முன்னால் குதிரைப் பாய்ச்சல் பயனற்றுப் போயிற்று. வீரர் சேறு நிறைந்த அகழிகளில் முடங்கினர்.

யுத்தம் முடிந்து, 1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றது. உடனே தென் அயர்லாந்தின் ஐந்து காலாட்படைகள் கலைக்கப்பட்டன. அவற்றுள் டப்ளின் படை, கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் அமைத்த ஐரோப்பியப் படையிலிருந்து வளர்ந்தது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. ஐந்தாவது ஐரிஷ் ஈட்டிக் குதிரைப்படை அதே ஆண்டில் பதினாறாவது படையோடு இணைக்கப்பட்டது. எட்டாவது ஹுஸார் மட்டும் தனித்தே தப்பியது.

ஆனால் குதிரைகள் தப்பவில்லை. 1930களின் நடுப்பகுதியில், எகிப்திலே, அவற்றை ஒப்படைத்துவிட்டு மோட்டார் வண்டிகளில் ஏறினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குதிரையோடு உறவாடிய படைக்கு அது பெரும் பிரிவு. இரண்டாம் உலக யுத்தத்தில் வட ஆபிரிக்கப் பாலைவனத்திலே ‘பாலைவன எலிகள்’ என்று பெயர்பெற்ற ஏழாவது கவசப் படையணியில் இது போரிட்டது. 1941 நவம்பரில் சிடி ரெஸெக் போரிலே இரவில் ஜேர்மானியர் வளைத்துக்கொண்டு இதன் கவச வண்டிகள் பலவற்றைக் கைப்பற்றினர். 1942இல் நேர்ந்த இழப்புகளின் பின், நான்காவது ஹுஸாரில் எஞ்சியோரையும் எட்டாவது ஹுஸாரில் எஞ்சியோரையும் சேர்த்துச் சிறிதுகாலம் ஒரே படையாக்கினர். 1944இல் நோர்மண்டியில் இறங்கி ஜேர்மனிவரை சென்றனர்.

கடைசிப் பெரும் சோதனை கொரியாவிலே வந்தது. 1951 ஏப்ரலில் இம்ஜின் நதிக்கரையில் சீனப் படை வெள்ளமென வந்தபோது, இப்படையின் செஞ்சூரியன் வண்டிகள் பின்வாங்கிய காலாட்படைக்குக் காவலாக நின்றன. காயமுற்றோரைத் தம் முதுகிலே சுமந்து பள்ளத்தாக்கைக் கடந்தன. வண்டிகளின்மேல் ஏறிக்கொண்ட எதிரிகளை விலக்க, ஒரு வண்டி மற்றொன்றின்மீது இயந்திரத் துப்பாக்கியாற் சுட நேர்ந்ததாம்!

1958 ஒக்டோபர் 24ஆந் திகதி, பாலைவனத்தில் தற்காலிகமாக நடந்த அந்த இணைப்பு நிரந்தரமாயிற்று. எட்டாவதும் நான்காவதும் ஒன்றாகி ‘இராணியின் அரச ஐரிஷ் ஹுஸார்’ ஆயின. இளமையில் நான்காவது ஹுஸாரோடு பெங்களூரில் வாழ்ந்த வின்ஸ்டன் சர்ச்சிலே புதிய படையின் முதற் கௌரவத் தலைவரானார். 1991 வளைகுடாப் போரிற் பங்குகொண்ட இதுவும் 1993இல் வேறோர் ஹுஸார் படையோடு கலந்தது. இன்று அந்தப் படையின் முழுப்பெயரின் வாலிலே மட்டும் ‘ஐரிஷ்’ என்னும் சொல் எஞ்சியுள்ளது.

யுத்தத்தைத் தன் வாசலிலே கண்ட வன்னி மக்களுக்கு இக்கதை கூறுவது ஒன்றுண்டு. படைகள் பெயர் மாறும், கலையும், ஒன்றோடொன்று கரையும். அவற்றின் வரலாற்றை எழுதுவதற்கு ஏடுகளும் பதிவேடுகளும் அரசிடம் உண்டு. அவை கடந்து சென்ற ஊர்களின் மக்களுக்கோ அத்தகைய பதிவேடு இல்லை. தாத்தா சொன்னதைப் பேரன் கேட்டு வைத்தாலன்றி அவர்கள் பட்ட பாடு மறைந்துபோகும். ஆகவே முதியோர் நினைவிலிருப்பதை, ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும், இப்பொழுதே எழுதி வைப்பது இளையோர் கடன்.