ஐம்பது கிலோமீட்டர்தானே என்று எண்ணாதிருங்கள்!



டிசம்பர் 31 அன்று இரவு. கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ உள்ள உங்கள் சபையில் வருடக் கடைசி ஆராதனை நடைபெறுகிறது. பழைய ஆண்டுக்காக ஸ்தோத்திரம், சாட்சிகள், வாக்குத்தத்தச் செய்தி, நள்ளிரவில் முழங்கால் ஜெபம், பின்பு திருவிருந்து. வெளியே வரும்போது மணி ஒன்றரை. பிள்ளைகள் போர்வைக்குள் உறங்குகிறார்கள். காரின் பின்புறத்தில் கேக்கும் புதுத் துணிகளும் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கின்றன. கொழிஞ்சாம்பாறையில் அப்பாவும் அம்மாவும் விழித்துக் காத்திருக்கிறார்கள். "விடியுமுன் வந்துவிடுங்கள், புதுவருடக் காலை ஜெபத்தைச் சேர்ந்து செய்வோம்" என்று அம்மா தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். நீங்களும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறீர்கள்: "ஐம்பது கிலோமீட்டர்தானே!"

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைக் குறித்தது. நெடும்பயணத்துக்கு நாம் திட்டமிடுகிறோம், ஓட்டுநரை அமர்த்துகிறோம், டயரைப் பார்க்கிறோம். பிழைப்புக்காக வந்த நகரத்துக்கும் பிறந்த ஊருக்கும் இடையிலுள்ள குறும்பயணத்தையோ, பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோல் தொடங்கிவிடுகிறோம்.

எஸ்றா செய்த ஆயத்தம்

பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் புறப்பட்ட எஸ்றா, அகாவா நதியண்டையில் ஜனங்களைக் கூட்டி, தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொருள்களுக்கும் செவ்வையான வழி வாய்க்கும்படி உபவாசத்தை அறிவித்ததை எஸ்றா 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இப்பகுதியைப் பயண ஜெபத்துக்கு ஆதாரமாகப் பலரும் எடுத்துக் கூறுவர். அதே அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். அவர் மூன்று நாள் அங்கே பாளயமிறங்கினார். வந்தவர்கள் யார் என்று பார்வையிட்டார். குறைவுபட்ட லேவியரை ஆளனுப்பி வரவழைத்தார். வெள்ளியையும் பொன்னையும் நிறுத்துப் பொறுப்பாளரிடம் ஒப்புவித்தார். எருசலேமுக்கு வந்து சேர்ந்தபின்பும் மூன்று நாள் இளைப்பாறிய பிறகே காரியங்களைத் தொடங்கினார். நெகேமியாவோ நதிக்கு அப்புறத்துத் தேசாதிபதிகளுக்குக் கடிதங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டார். ஜெபித்த கைகளே கணக்கையும் பார்த்தன. திட்டமிடுவது அவிசுவாசம் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

எந்த வழியாகப் போகிறீர்கள்?

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மதுக்கரை, எட்டிமடை, வாளையார், கஞ்சிக்கோடு வழியாகச் செல்லும் இச்சாலை, சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 544 ஆகும். முன்பு இதற்கு 47 என்று எண்; பெரியவர்கள் இன்றும் அப்படியே சொல்வார்கள். வாளையாரைத் தாண்டியபின் பாம்பாம்பள்ளத்தில் சுங்கச் சாவடி உண்டு. ஃபாஸ்டாக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் கூடுதல் கட்டணம் செலுத்த நேரிடும்.

எல்லாரும் இதே வழியில் செல்லவேண்டும் என்பதில்லை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதிக்குச் செல்வோர்க்கு வேலந்தாவளம் வழி அருகாமையானது. பொள்ளாச்சியிலிருந்து வருவோர்க்குக் கோபாலபுரம் வழியும், கொல்லங்கோடு செல்வோர்க்குக் கோவிந்தாபுரம் வழியும் உள்ளன. இவை ஊர்களுக்குள்ளும் தோப்புகளுக்கு இடையிலும் செல்லும் குறுகலான சாலைகள். பகலில் இவை இனிய வழிகள். இரவிலோ விளக்கில்லாத மாட்டுவண்டியும், பின்விளக்கு எரியாத டிராக்டரும், சாலையோரம் நடப்பவரும் எதிர்ப்படுவர். தூரம் குறைவான வழியே பாதுகாப்பான வழியாக இருக்கவேண்டும் என்பதில்லை.

நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி மூன்றாம் வாரம் வரை சபரிமலைக் காலம். பல மாநிலங்களின் வாகனங்கள் வாளையார் வழியே இரவும் பகலும் செல்லும். பல நூறு கிலோமீட்டர் கடந்து களைத்துப்போன ஓட்டுநர்கள் அவற்றில் இருப்பார்கள். நாம் விழித்திருந்தாலும், எதிரே வருகிறவர் விழித்திருக்கிறாரா என்பது நமக்குத் தெரியாது.

காற்றும் காடும்

மேற்குத் தொடர்ச்சி மலை பிளவுபட்டு, ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கும் மேலான அகலத்தில் வாயில்போல் திறந்திருக்கும் இடமே பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியாகப் பாய்ந்து வரும். இருசக்கர வாகனத்தில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிச் செல்லும் சகோதரர்களே, லாரியைக் கடக்கும்போது அதன் மறைவு நீங்கிய கணத்தில் காற்று உங்களை ஒருபுறம் தள்ளும். அந்த மாதங்களில் குடும்பத்தோடு பேருந்திலோ ரயிலிலோ செல்வதே நலம்.

வாளையார்க் காடு யானைகள் நடமாடும் இடம். 2021 நவம்பர் 26 அன்று இரவு எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே, நவக்கரை அருகில், ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் 2024-இல் மதுக்கரைப் பகுதியில் ரயில் பாதையருகே யானை வருவதை முன்கூட்டியே கண்டறிய, செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் நிறுவப்பட்டன. காரோட்டியின் கண்ணுக்கோ மாற்று ஏதுமில்லை. கரிய யானை இருளில் முகப்பு விளக்கின் ஒளியில் தெரியும்போது மிக அருகில் வந்திருக்கும்.

மதுவைத் தொடாதவர், ஆனாலும்...

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருவோம்.

2020 பிப்ரவரி 20 அதிகாலை மூன்று மணிக்குமேல், இதே 544-ஆம் நெடுஞ்சாலையில் அவிநாசி அருகே, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் நோக்கி வந்த கேரள அரசுப் பேருந்தின்மீது ஒரு கன்டெய்னர் லாரி சாலை நடுத்தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் உயிரிழந்தனர். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. 2022 அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா சென்ற பேருந்து மிகுவேகத்தில் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியதில் ஒன்பது பேர் மாண்டனர். அதுவும் இதே நெடுஞ்சாலைதான்.

மனித உடலில் உறக்கத்தின் இழுப்பு மிகுந்திருக்கும் வேளைகள் இரண்டு. முதலாவது அதிகாலை 2 முதல் 6 மணி வரை. இரண்டாவது பிற்பகல் 2 முதல் 4 மணி வரை. சபையைவிட்டுப் புறப்படும் நேரம் முதலாவதில் விழுகிறது. விருந்துண்டு நகரத்துக்குத் திரும்பும் நேரம் இரண்டாவதில் விழுகிறது.

1997-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்ட ஓர் ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் அளவுக்குக் குன்றிவிடுகிறது என்று காட்டியது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம் மட்டுமே. டிசம்பர் 31 காலை ஆறு மணிக்கு எழுந்து, வேலைக்கும் போய், ஆராதனையிலும் பங்குபெற்று, இரவு இரண்டு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர் 20 மணி நேரம் விழித்திருக்கிறார். வாழ்நாளில் ஒரு துளி மதுவைத் தொடாத விசுவாசி, தன்னை அறியாமலே, குடித்தவனுக்கு ஒப்பான நிலையில் தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செல்கிறார். எந்தக் காவலரின் ஊதுகருவியும் அவரை நிறுத்தாது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. நான்கு வினாடி கண் மூடினால் ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் வண்டி ஓட்டுவாரின்றி ஓடுகிறது. பாட்டைச் சத்தமாக வைப்பதும், சன்னலைத் திறப்பதும், அந்நிய பாஷையில் ஜெபித்துக்கொண்டே ஓட்டுவதும் உறக்கத்துக்கு மாற்றாகா.

"ஆராதனைக்குப் போய் வருகிறவனைக் கர்த்தர் காக்கமாட்டாரா?" என்று கேட்பீர்களானால், அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தைத் திருப்புங்கள். துரோவாவில் பவுல் நள்ளிரவு வரை பிரசங்கித்தபோது, ஐத்திகு என்ற வாலிபன் நித்திரை மயக்கத்தால் மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். பிரசங்கித்தவர் அப்போஸ்தலர், நடந்தது பரிசுத்தக் கூடுகை, ஆனாலும் தூக்கம் வந்தது, அவன் விழுந்தான். வேதம் அவனை அவிசுவாசி என்று கண்டிக்கவில்லை. சரீரம் களைக்கும் என்பதையே நமக்குக் காட்டுகிறது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது, தேவதூதர் காப்பார்கள் என்ற வாக்கை அறிந்திருந்தும் நம் ஆண்டவர் குதிக்கவில்லை என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

ஆகவே திட்டம் இதுதான். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குச் சென்று உறங்குங்கள். ஆறு மணி உறக்கத்துக்குப்பின் எழுந்து, ஜெபித்து, காலை எட்டரை அல்லது ஒன்பது மணிக்குப் புறப்படுங்கள். நகர நெரிசலையும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் ஊர் சேரலாம். மறு பயணத்தில், மதிய உணவுக்குப்பின் ஒரு மணி நேரம் படுத்தெழுந்து கிளம்புங்கள். அம்மாவிடம் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள்: "காலை ஜெபத்தைப் பத்தரை மணிக்கு வைத்துக்கொள்வோம் அம்மா, காத்திருக்காமல் தூங்குங்கள்." முதலில் அவர் முகம் வாடலாம். பேரப்பிள்ளைகள் உறக்கம் தெளிந்து சிரித்த முகத்தோடு இறங்கும்போது அந்த வாட்டம் நீங்கிவிடும்.

சபை ஊழியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வெளியூர் செல்லும் குடும்பங்களை மேடையிலிருந்தே எச்சரியுங்கள். ஆராதனைக் கூடத்தில் பாய் விரித்து, விடியும் வரை அவர்கள் தங்க இடம் கொடுங்கள். இதுவும் உபசரிப்பின் ஊழியமே.

மலையேறும் குடும்பங்களுக்கு

இடுக்கி மலையிலிருந்து வந்து நகரங்களில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நம் வாசகரில் பலர். 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. உறவுகளோ எல்லையின் இருபுறமும் இன்றுவரை தொடர்கின்றன.

மூணாற்றுக்கு உடுமலைப்பேட்டை வழியாகச் செல்வோர், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் சின்னார் சரணாலயத்தையும் கடந்து மறையூரை அடைகிறார்கள். இது வனச்சாலை. இரவுப் பயணத்துக்கு வனச்சாவடிகளில் கட்டுப்பாடு உண்டு. ஆதலால் பகலில் கடக்கும்படி நேரத்தைக் கணக்கிடுங்கள். உடுமலையிலேயே எரிபொருள் நிரப்புங்கள். காட்டுக்குள் கைப்பேசி எல்லா இடத்திலும் எடுக்காது. வண்டியைவிட்டு இறங்கிப் புகைப்படம் எடுக்கவும் வேண்டாம்.

தேனி, போடி வழியாகச் செல்வோர்க்குப் போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மார்கழிப் பனியில் அடுத்த வளைவு தெரியாது. மலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும் என்பது விதி. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்து இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கம்பத்திலிருந்து குமுளிக்குச் செல்வோர், சபரிமலைக் காலத்தில் ஒருவழிப் போக்குவரத்து அமலாகி, கம்பம்மெட்டு வழியாகச் சுற்றி ஏற நேரிடும் என்பதை அறிந்து, அதற்கான நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடிச்சுவர்

புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பதே காரணம். இன்று காரில் நமக்குள்ள கைப்பிடிச்சுவர் இருக்கைப் பட்டை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே நடந்த விபத்தில், பின்னிருக்கையில் பட்டை அணியாதிருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடனிருந்தவரும் மரித்தார்கள். முன்னிருக்கையில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். விலையுயர்ந்த காரும் பட்டைக்கு ஈடாகவில்லை. பின்னிருக்கைக்கும் பட்டை சட்டப்படி கட்டாயம். குழந்தையை முன்னிருக்கையில் மடியில் வைக்காதீர்கள். இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் தேவை. ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகிய நான்கும் கைவசம் இருக்கட்டும்; இவையே நமது நெகேமியாவின் கடிதங்கள். கேரளச் சாலைகளில் 2023 ஜூன் முதல் கேமரா வழியே அபராதம் விதிக்கப்படுகிறது. எனினும் கேமராவுக்காக அல்ல, நம் பிள்ளைகளுக்காக இவற்றைச் செய்வோம்.

களைப்பாயிருக்கிறது என்று தோன்றினால் காரை வீட்டில் விட்டுவிடுங்கள். உக்கடத்திலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்துகள் உண்டு. கோவையிலிருந்து ரயில்களும் உண்டு. அதில் வெட்கம் ஏதுமில்லை.

பிரியமானவர்களே, இம்முறை புறப்படுமுன் குடும்பமாக 121-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குகிறதில்லை என்று அதில் சாட்சி உண்டு. உறங்காதவர் அவர் ஒருவரே, நாமோ உறங்கவேண்டியவர்கள். அவர் விழித்திருக்கிறார் என்ற விசுவாசத்தோடு நீங்கள் முதலில் நன்றாகத் தூங்கி எழுந்து, பின்பு சாவியைக் கையில் எடுங்கள். கர்த்தர்தாமே உங்கள் பயணங்களை வாய்க்கப்பண்ணுவாராக. ஆமென்.