கடல் சாமந்தியின் காவலர்கள்

பப்புவா நியூகினி தேசத்துக் கிம்பே விரிகுடாவில், பவளப்பாறைகளின் நடுவே அலைக்கு அசைந்தாடும் கடல் சாமந்தியின் கொட்டும் விரல்களுக்குள், செம்மஞ்சள் மேனியும் கருங்கரையிட்ட வெண்பட்டைகளுமாகக் குடியிருக்கும் கோமாளி மீன், விரல் நீளமே உள்ள சிறு ஜீவனாயினும், தன் எல்லையைக் காப்பதில் அது கொள்ளும் ரோஷம் பெரிய பிராணிகளிடத்தும் காண்பதற்கு அரிது. சாமந்தியைக் கொறிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீனை விரட்டுவதோடு நில்லாமல், முக்குளித்து வந்தவர் கை நீட்டினால் அதையும் கடிக்கப் பாயும். தாடைகளை மோதிப் பற்களால் ‘டக் டக்’கென்று எச்சரிக்கை ஒலியும் எழுப்பும்.

அவ்வீட்டின் ஆட்சிமுறையோ இன்னும் விசேஷமானது. உருவில் பெரியவளே தலைவி. அடுத்த பருமனுடையவன் அவள் நாயகன். அவர்களுக்குக் கீழே, சந்ததி பெறும் உரிமையற்ற சில இளையவை, தமக்கு மேலுள்ளதன் அளவை எட்டினால் துரத்தப்பட்டு வேறு மீனுக்கு இரையாக நேரும் என்பதால், தம் வளர்ச்சியைத் தாமே அடக்கிக்கொண்டு முறை வரும்வரை காத்திருக்கின்றன. தலைவி மாண்டால் நாயகனே பெண்ணாக மாறித் தலைமை ஏற்க, இளையவற்றுள் பெரியது அவன் ஸ்தானத்துக்கு உயர்கிறது. சாமந்தியின் அடியில் பாறையோடு ஒட்டிய முட்டைகளைத் துடுப்பால் விசிறியும், கெட்டவற்றை வாயால் பொறுக்கி நீக்கியும், ஏறக்குறைய ஒரு வாரம் பேணிக் காப்பவன் தகப்பனே.

இத்தனை ஒழுங்கும் அந்த ஒரு சாமந்தியை நம்பியே நிற்கிறது. அதன் உடலில் தங்கி உணவு சமைத்துக் கொடுக்கும் நுண்பாசிகளுக்கு மீனின் கழிவே உரமாகிறது. கடல்நீர் அளவு மீறிச் சூடேறினாலோ, அந்தப் பாசிகள் வெளியேறிவிட, சாமந்தி வெளிறிச் சுருங்கிப் பல சமயம் மடிந்தும் போகிறது. 2023-ஆம் ஆண்டு வெப்ப அலை வீசிய மாதங்களில், இவ்விரிகுடாவின் 134 கோமாளி மீன்களை மாதந்தோறும் அளந்துவந்த ஆராய்ச்சியாளர்கள், அவற்றுள் பெரும்பாலானவற்றின் உடல் நீளமே குறைந்ததைக் கண்டார்கள்.

சுருங்கியவையே அதிகம் பிழைத்தன, ஆகவே இது இயற்கையின் சமயோசிதம் என்பார் உளர். தொட்டிகளிலும் குஞ்சு பொரிக்கும் இவ்வினத்துக்கு அழிவில்லை என்பாரும் உளர். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பஞ்சத்தில் வயிற்றைச் சுருக்கிப் பிழைத்தவனைக் கண்டு பஞ்சம் தீர்ந்ததென்று எவரும் மகிழ்வதில்லை. தொட்டியில் பிறந்த மீனாலும் வெளிறிய சாமந்திக்கு உயிர் கொடுக்க இயலாது. கடலைச் சூடேற்றும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதை மனிதன் குறைத்தாலொழிய, வண்ணத்துப்பூச்சி மீனை விரட்டத் தெரிந்த இந்த வீரனுக்கு, வெப்பத்தை விரட்டும் வித்தை ஒருபோதும் கைவராது.