லிஃப்டில் ஏறட்டும், அப்புறம் விலை பேசலாம்!

பட்டனை அழுத்தியதும் லிஃப்ட் முனகிக்கொண்டே மேலே போகிறது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, நம் தலைக்கு மேலே போய் நிற்கிறது. ஹைவேயில் லைட் அடித்து நம்மை ஓரங்கட்டிவிட்டுப் பறக்குமே, அந்த வண்டியின் அடிவயிறு இப்போது கைக்கெட்டும் தூரத்தில்! அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம், பழைய ஜெர்மன் வண்டிகளையும் லேண்ட் ரோவர்களையும் மட்டும் பார்க்கும் ஒர்க்‌ஷாப் இது. கஸ்டமர்கள் காபி குடித்தபடி காத்திருக்கும் ஏசி ரூமைத் தாண்டி, வழக்கமாக யாரையும் விடாத பின்பக்கத்துக்கு வந்துவிட்டோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாங்க, குனியாமலே பார்க்கலாம்!

இந்த வண்டியை வாங்க நினைப்பவர் இன்னும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அதற்கு முன்னாலேயே இங்கே கொண்டுவந்துவிட்டார். அதற்கே அவருக்கு ஒரு சபாஷ் போடலாம்!

எஃப்15 என்ற இந்தத் தலைமுறை 2014-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே 70 லட்சம் ரூபாயைத் தொட்டது. பிறந்த இடம் நம் பக்கம்தான். செங்கல்பட்டு போகும் வழியில், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் ஓடும் பி.எம்.டபிள்யூ ஆலையில் பூட்டப்பட்டது. பத்து வருஷம் கழித்து, புது நடுத்தர எஸ்யூவி ஒன்றுக்கு எடுத்துவைக்கும் பணத்தில் இது வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல், 258 குதிரைத்திறன், 560 நியூட்டன் மீட்டர் டார்க்! இந்தக் காசுக்கு இப்படியொரு இன்ஜின் வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் இன்னமும் 70 லட்ச ரூபாய் வண்டியின் பாகம். யானை மலிவாகக் கிடைத்தாலும் தீனி அதே தீனிதான்! இதை மனசில் முடிந்துகொண்டு வாங்கினால், இந்த வண்டியைப் போல் சந்தோஷம் தருவது எதுவும் இல்லை.

ராத்திரியே வந்து படுத்த வண்டி

வண்டியை நேற்று சாயங்காலமே இங்கே நிறுத்தச் சொல்லிவிட்டார் தலைமை மெக்கானிக். பையன்கள் ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறார்கள், நாமும் அப்படியே கூப்பிடுவோம். காரணம் இரண்டு. பல எக்ஸ்5-களில் பின்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஏர் பெல்லோ இருக்கும். ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தால் ராத்திரி முழுக்கக் காற்று கசிந்து, விடியும்போது வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நேற்று டேப் வைத்து அளந்து சுவரில் எழுதிவைத்தார்கள். காலையில் திரும்ப அளந்தார்கள். அதே அளவு! கசிவைச் சும்மா விட்டால் காற்றடிக்கும் கம்ப்ரசரும் ஓய்வில்லாமல் ஓடி எரிந்துபோகும். ஒரு செலவு இரண்டாகும்.

இரண்டாவது காரணம் கோல்டு ஸ்டார்ட். “சார், காதை இங்க வைங்க. முன்னாடி இல்ல, பின்னாடி” என்று அண்ணா பானெட்டைத் திறந்து, இன்ஜின் கேபினை ஒட்டும் இடத்தைக் காட்டினார். இந்த இன்ஜினில் டைமிங் செயின் இருப்பது பின்பக்கத்தில், கியர்பாக்ஸை ஒட்டி. செயின் தளர்ந்திருந்தால் குளிர்ந்த இன்ஜின் பிடிக்கும்போது அங்கிருந்து உரசுகிற சத்தம் வரும். அதைச் சரிசெய்ய இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயினுக்கு ஆகும் காசைவிடக் கூலி எகிறும். அதனால் விற்பவர் நாம் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். இன்றைய வண்டி ‘கப்’பென்று பிடித்தது, உரசல் இல்லை. நான் கைதட்டியே விட்டேன்!

கறுப்பாக வடியும் உண்மை

இப்போது அடிக்கவரைக் கழற்றுகிறார்கள். மேலே எட்டு ஸ்பீடு ஜெட்எஃப் கியர்பாக்ஸ். இதன் ஆயில் வண்டியின் ஆயுசுக்கும் போதும் என்று பல ஓனர்கள் நம்புகிறார்கள். கியர்பாக்ஸைச் செய்த ஜெட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது! டிரெயின் நட்டைத் தளர்த்தியதும் கீழே வைத்த டிரேயில் ஆயில் கறுப்பாக இறங்குகிறது. இதுவரை யாருமே மாற்றவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். விற்பவரின் சம்மதத்தோடு இப்போதே மாற்றுகிறார்கள், செலவு பேரத்தில் கழியும்.

பில்டர் தனியாகக் கிடையாது. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஆயில் பானுக்குள்ளேயே அது இருக்கிறது, அதனால் பானோடு சேர்த்து மாற்றுகிறார்கள். அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி. புது ஆயிலை ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு கியராகப் போட்டு எடுக்கிறார்கள். லேப்டாப்பில் ஆயிலின் சூடு ஏறுகிறது. 30 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். பக்கவாட்டு நட்டுத் துளை வழியாக மிச்ச ஆயில் வழிந்து, மெல்ல மெலிந்து, நூலாகி, சொட்டாகிறது. “போதும், மூடு!” நட்டு ஏறுகிறது. இந்தச் சூட்டுக் கணக்குத் தெரியாதவர் கையில் இந்த கியர்பாக்ஸைக் கொடுக்கவே கூடாது!

பொய் சொல்லாத லேப்டாப்

மீட்டரைத் திருப்பி ஓடின கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது பழைய வித்தை. இந்த வண்டிகளில் அது லேசில் பலிக்காது, ஏனென்றால் ஓடின தூரம் டேஷ்போர்டில் மட்டும் இல்லை, வேறு கன்ட்ரோல் யூனிட்களிலும் பதிவாகிறது. ஸ்கேனரை மாட்டி ஒவ்வொன்றாகப் படித்தால், எண்கள் ஒத்துப்போகாத இடத்தில் குட்டு வெளிப்படும்.

அடுத்தது டீசல் பார்ட்டிகுலேட் பில்டர். இது புகைக்கரியைப் பிடித்துவைத்து, சூடு 600 டிகிரியை ஒட்டிப் போகும்போது எரித்துக்கொள்ளும். தி.நகருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் அந்தச் சூடு வராது, கரி அடைத்துக்கொள்ளும். மருந்து என்ன தெரியுமா? வாராவாரம் ஈசிஆரிலோ திண்டிவனம் ரோட்டிலோ நிறுத்தாமல் ஒரு நீண்ட ஓட்டம்! இப்படியொரு மருந்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பேட்டரி மாற்றினால்கூட லேப்டாப்பில் பதிவுசெய்ய வேண்டும். பதியாவிட்டால், பழைய பேட்டரிதான் இருக்கிறது என்று நினைத்து வண்டி அதற்கேற்ப சார்ஜ் ஏற்றும். புது பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும்.

வேப்பம்பூவும் வெள்ளமும்

டிக்கியின் தரையைத் தூக்குகிறோம். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார் அண்ணா. பனோரமிக் சன்ரூஃபின் ஓரத்தில் விழும் மழைத்தண்ணீர் மெல்லிய குழாய்கள் வழியாக வெளியேற வேண்டும். வேப்பமரத்தடியில் நிறுத்திவைத்த வண்டியில் பூவும் சருகும் அந்தக் குழாயை அடைத்துவிடும். தண்ணீர் வழிதவறி உள்ளே இறங்கி, வயரிங்கும் எலெக்ட்ரானிக்ஸும் இருக்கும் பள்ளத்தில் தேங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், குழாயைச் சுத்தம் செய்தால் போதும். கொஞ்ச நேர வேலைதான், மிச்சப்படுவது பெரிய தொகை!

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் மறக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சீட்டைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் அடி நுனியைக் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கே அப்படியே நிற்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

டயரில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. நாலும் ஒரே பிராண்டாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பங்கிடும் டிரான்ஸ்பர் கேஸ் அடிவாங்கும்.

ஸ்டோர் ரூம் ரகசியம்

கடைசியாக ஸ்டோர் ரூம்! லெம்ஃபோர்டர் பெட்டியிலிருந்து ஒரு கன்ட்ரோல் ஆர்மை எடுத்து என் கையில் வைக்கிறார் அண்ணா. ஓர் இடத்தில் உலோகம் சுரண்டப்பட்டிருக்கிறது. பி.எம்.டபிள்யூ முத்திரை இருந்த இடம் அது! கார் கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரே, முத்திரையை அரைத்தெடுத்துவிட்டுத் தன் பெட்டியில் போட்டுக் குறைந்த விலைக்கு விற்கிறார். பராமரிப்புச் செலவைத் தாங்கும்படி ஆக்குகிற வழி இதுதான். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் லைட்டும் உள்ளே மாட்டும் டிரிம்மும் தேடலாம், தப்பில்லை. பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்காதீர்கள்.

காகிதங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். கடன் இருந்த வண்டி என்றால் பேங்க் என்ஓசியும் படிவம் 35-ம் வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். டெல்லி வட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கிருந்து மலிவாக வருகிற வண்டிக்கு ஆயுள் வரியையும் கூட்டித்தான் விலை பேச வேண்டும்.

என் கணக்கு இது. வண்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருஷப் பராமரிப்புக்கு என்று தனியே எடுத்துவையுங்கள், மிச்சத்துக்குள் வண்டியைத் தேடுங்கள். இன்ஜின் ஆயிலை கம்ப்யூட்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் 10,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்றுதான்: ராத்திரி நிறுத்திவைத்த வண்டியை நான் ஸ்டார்ட் செய்யலாமா, ஸ்கேனர் மாட்டலாமா, லிஃப்டில் ஏற்றலாமா? மூன்றுக்கும் ‘தாராளமா’ என்று சொல்பவரோடு உட்கார்ந்து பேரம் பேசுங்கள்!