அம்மாயியின் சொக்லட் பால் டொபி

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்ததை நாம் மறக்க முடியாது. வீடுகளும் லயங்களும் மண்ணில் புதைந்தன. பலர் உயிரிழந்தனர். தப்பியவர்கள் மரக்கறிப் பாத்தியையும் மாட்டையும் மிளகுக் கொடியையும் விட்டு வெளியேறினார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு எஞ்சியது கைப்பழக்கம் ஒன்றே. அதுவும் எழுதி வைக்காவிட்டால் அழிந்துபோகும்.

கேகாலைப் பக்கத் தோட்டமொன்றில் இதை நேரில் கண்டோம். அங்கு குடியேறிய ஓர் அம்மாயி தீபாவளிக்கும் நத்தாருக்கும் பால் டொபி கிண்டுவதில் பேர் போனவர். அதில் கொக்கோ சேர்ப்பது அவருடைய தாயார் காட்டிய வழக்கம். அளவு கேட்டால், "கைக்குத் தெரியும் புள்ள" என்பார். அவருக்குச் சுகமில்லாத ஒரு வருடம் மகள்மார் கிண்டினார்கள். மணல்போல நறநறத்தது. சீனியும் பாலும் வீண். அவர் தேறியதும் நாங்கள் தராசும் கொப்பியும் கொண்டுபோய், அவர் தாச்சியில் போட்டதையெல்லாம் முதலில் நிறுத்து எழுதினோம்.

தேவையானவை

டின்பால் 1 டின் (ஏறத்தாழ 390 கிராம்), சீனி 400 கிராம், தண்ணீர் அரைக் கோப்பை, கொக்கோத் தூள் 4 மேசைக்கரண்டி, பட்டர் 50 கிராம், கஜு 50 கிராம், வனிலா 1 தேக்கரண்டி.

செய்முறை

அடி கனமான தாச்சியில் சீனியையும் தண்ணீரையும் சூடாக்குங்கள். சீனி முழுவதும் கரைந்த பின்னரே கொதிக்க விடுங்கள். ஓரத்தில் ஒட்டிய சீனியை ஈரத் துணியால் துடையுங்கள். கொக்கோவை வெந்நீரில் குழைத்து டின்பாலுடன் சேர்த்து, மெல்லிய தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் விரலில் மென்மையாக உருள வேண்டும். வெப்பமானி இருந்தால் 112 முதல் 115 பாகை செல்சியஸ். இறக்கி, பட்டரும் வனிலாவும் இட்டு, அசைக்காமல் ஆறவிடுங்கள். தாச்சியின் அடி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், மினுக்கம் மங்கும்வரை அடியுங்கள். கஜு சேர்த்துத் தட்டில் கொட்டி, இறுகியதும் வெட்டுங்கள்.

மகள்மார் செய்த பிழை என்ன? சூட்டோடு அடித்தார்கள். சூட்டில் அடித்தால் சீனி பெரிய பளிங்குகளாகக் கட்டும். ஆறியபின் அடித்தால் நாக்குக்குத் தெரியாத மிகச் சிறு பளிங்குகளாகும். அம்மாயி டொபியை இறக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். அதைச் சோம்பல் என்று மகள்மார் நினைத்தார்கள். அதுவே தொழில் நுட்பம்!

விற்க நினைப்பவர்களுக்கு

சீனி, பால் விலையோடு விறகு, உறை, பஸ் கட்டணம், உங்கள் உழைப்பு ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். முதலில் ஒரு டின்னுக்கு மட்டும் செய்து பாருங்கள். கடன் வாங்கித் தொடங்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுங்கள். கேகாலையில் தென்னைக்குக் கீழ் கொக்கோ வளரும். புதிய காணியில் நட விரும்புவோர் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தை நாடலாம்.

அமெரிக்காவில் எமது பால் டொபிக்கு உறவான பண்டத்தை ஃபட்ஜ் என்பார்கள். 1888இல் வாசர் கல்லூரி மாணவி எமலின் ஹார்ட்ரிட்ஜ், தோழி ஒருத்தியின் உறவினர் செய்த முறையைக் கேட்டறிந்து, கல்லூரி விற்பனைக்கு 30 இறாத்தல் செய்தார். அவர் அதைக் கடிதத்தில் எழுதி வைத்ததால் இன்று எமக்கும் தெரிகிறது.

நாங்கள் எழுதியதைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த அம்மாயி, "உப்பு ஒரு சிட்டிகை. அத விட்டுட்டீங்களே!" என்றார். சேர்த்துக்கொண்டோம். நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். மழைக்காலத்தில் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கட்டி வைக்கும் பையிலேயே அந்தத் தாளையும் வையுங்கள்.