ஒரே எழுத்து, நாட்டுக்கொரு வடிவம்

ரஷ்யா, செர்பியா, பல்கேரியா மூன்று நாடுகளிலும் சிரிலிக் எழுத்து வழங்குகிறது. ஆனால், அச்சில் வடிவம் மாறும்.

‘த’ ஒலிக்குரிய எழுத்தையே எடுத்துக்கொள்வோம். சாய்வெழுத்தில் அச்சிட்டால், ரஷ்ய நூல்களில் அது ஆங்கிலச் சின்ன ‘எம்’ போல இருக்கும். செர்பிய நூல்களிலோ அதைத் தலைகீழாக்கியது போல மூன்று கோடுகள் நிற்கும். அவற்றின் மேலே ஒரு சிறு கிடைக்கோடு. பல்கேரியர்கள் நேரெழுத்திலேயே பல எழுத்துகளுக்குக் கையெழுத்துச் சாயல் தருகிறார்கள். ‘ல’ ஒலிக்குரிய எழுத்து அங்கே கவிழ்த்த ‘வி’ போல இருக்கும்.

நாட்டுக்கு நாடு வடிவம் மாறினாலும், கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் ஓர் எழுத்துக்கு ஒரே எண்தான். மாற்று வடிவங்களை எழுத்துருவிலேயே சேர்த்திருந்து, உரை எந்த மொழி என்றும் குறித்துவிட்டால், உரிய வடிவம் தானாக வந்துவிடும். குறிக்காமல் விட்டால், செர்பிய வாசகருக்கும் பெரும்பாலும் ரஷ்ய வடிவமே போய்ச்சேரும்.